உங்களுக்குத் தெரியுமா? தரையைப் பிளந்து வரும் வெள்ளம்

● ஆறு கரையை உடைக்காது. வானத்தில் மேகம் இருக்காது. ஆனாலும் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இங்கிலாந்தின் தெற்கே பள்ளத்தாக்குக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இது பழகிய துன்பம். பூமிக்குள் இருக்கும் நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்து, தரையைத் தொட்டு, அதற்கும் மேலே வந்துவிடுகிறது. நிலத்தடி நீர் வெள்ளம் என்கிறார்கள். ஆற்று வெள்ளம் வாசற்படி ஏறி வரும். இது நடுக்கூடத்தின் தரையிலிருந்தே கிளம்பும்.

● இங்கிலாந்தில் 1,22,000 முதல் 2,90,000 வரையிலான கட்டடங்களுக்கு இந்த ஆபத்து இருக்கலாம் என்று பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் 2015-ல் மதிப்பிட்டது. எண்ணின் இரு முனைகளுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். ஆற்றின் கரை கண்ணுக்குத் தெரியும், அளந்து வரைபடம் போட்டுவிடலாம். பாறைக்குள் ஓடும் நீரை வீடு வீடாகக் கணிப்பது அவ்வளவு கடினம்.

● காரணம் அங்குள்ள பாறை. பெர்க்‌ஷயர், ஹாம்ப்ஷயர், வில்ட்ஷயர், டார்செட், சசெக்ஸ், கென்ட் ஆகிய பகுதிகளின் குன்றுகளில் பெரும்பாலானவை ‘சாக்’ எனப்படும் மென்மையான வெண்சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. அந்தப் பாறையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் வெறும் நுண்துளைகள்தாம். அப்படியானால் மழைநீரை அது எளிதாகக் குடித்துவிடுமே என்று தோன்றும். துளைகள் மிக மிகச் சிறியவை என்பதால் அவற்றில் ஏற்கெனவே புகுந்த நீர் வெளியேறுவதே இல்லை. அவை எப்போதும் நிறைந்தே இருக்கின்றன. புதிதாக வரும் நீருக்கு மிஞ்சுவது பாறையில் உள்ள விரிசல்கள் மட்டும். அந்த விரிசல்களின் பங்கு மொத்தக் கன அளவில் சுமார் 1 சதவீதம்.

இந்த 1 சதவீதத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் 10 மி.மீ. மழைநீர் பாறைக்குள் இறங்கினால் நீர்மட்டம் 10 மி.மீ. ஏறாது, ஏறத்தாழ 1 மீட்டர் ஏறும். 100 மி.மீ. இறங்கினால் 10 மீட்டர். ஒரு மாத அடைமழையில் குன்றுக்குள் நீர் மூன்று நான்கு மாடி உயரம் ஏறிவிடுவது இப்படித்தான். இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால், இந்த வெள்ளத்தின் மற்ற குணங்கள் எல்லாம் தானே விளங்கிவிடும்.

● உலகிலேயே மிக நீண்ட காலமாக இடைவிடாமல் அளக்கப்பட்டு வரும் கிணறு மேற்கு சசெக்ஸில் சில்குரோவ் என்ற இடத்தில் இருக்கிறது. அளவு எடுக்கத் தொடங்கிய ஆண்டு 1836. விக்டோரியா அரசியாவதற்கு முந்தைய ஆண்டு! வறண்ட காலத்துக்கும் நனைந்த காலத்துக்கும் இடையே அந்தக் கிணற்றின் நீர்மட்டம் 40 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கியிருக்கிறது.

● 1994 ஜனவரியில் அந்தக் கிணறு வாய் விளிம்பையும் தாண்டிப் பொங்கியது. அதே நாட்களில் கீழே உள்ள சிச்செஸ்டர் நகரத்துக்குள் லாவண்ட் ஆறு புகுந்தது. கோடையில் பல ஆண்டுகள் வற்றியே கிடக்கும் ஓடை அது.

● இந்த வகைப் பாறையின் மேல் ஓடும் ஓடைகளுக்கு நிலையான ஊற்றுக்கண் கிடையாது. நீர்மட்டம் ஏறும்போது ஊற்று பள்ளத்தாக்கின் மேல்பக்கமாகக் கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். இறங்கும்போது கீழே போய்விடும். பெர்க்‌ஷயரில் லாம்போர்ன் ஆற்றின் மேல்பகுதி குளிர்காலத்தில் மட்டுமே ஓடுவது இதனால்தான். கோடையில் வீடு பார்க்க வருபவர் வெறும் புல்தரையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுவார். அங்கே ஓடை இருப்பதே பிப்ரவரியில்தான் தெரியும்.

● ஓடையே இல்லாத பள்ளத்தாக்கும் பாதுகாப்பானதல்ல. பனியுகத்தில் தரை இறுகி உறைந்து கிடந்தபோது, உள்ளே இறங்க வழியில்லாத பனி உருகுநீர் குன்றுகளை அரித்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கியது. பிறகு தரை இளகியது. நீர் பாறைக்குள் போய்விட்டது. பள்ளத்தாக்கு மட்டும் காய்ந்து நின்றது. ஹாம்ப்ஷயரின் பேசிங்ஸ்டோக் நகரில் பக்ஸ்கின் என்ற குடியிருப்பு அப்படிப்பட்ட இடம். பக்கத்தில் ஆறு எதுவும் இல்லை. 2014 பிப்ரவரியில் தரையிலிருந்து கிளம்பிய தண்ணீர் அங்கே வரிசை வரிசையாக வீடுகளைக் காலி செய்ய வைத்தது.

● 2000-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம், 1766 முதல் வைத்திருக்கும் மழைக்கணக்கில் இங்கிலாந்து - வேல்ஸ் பகுதிக்கே மிகவும் நனைந்த இலையுதிர் காலம். 2013-14 குளிர்காலம், அதே கணக்கில் மிகவும் நனைந்த குளிர்காலம். இரண்டையும் தொடர்ந்துதான் சாக் பாறைப் பகுதிகளில் மிக மோசமான நிலத்தடி வெள்ளங்கள் வந்தன.

● கிரிக்கெட் பிரியர்களுக்கு ஹாம்பிள்டன் என்ற பெயர் தெரிந்திருக்கும். லண்டனில் எம்.சி.சி. தலையெடுப்பதற்கு முன், பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஆட்டத்தின் தலைமை இடமாக விளங்கிய ஹாம்ப்ஷயர் கிராமம் அது. 2000-01 குளிர்காலத்திலும் 2013-14 குளிர்காலத்திலும் ஹாம்பிள்டனின் தெருவே ஓடையாக ஓடியது. வீட்டு நிலவறைகளில் மோட்டார்கள் இரவும் பகலும் ஓடின. ஊரைக் காக்கப் பின்னர் தெருவுக்கு அடியில் பெரிய குழாய் பதிக்கப்பட்டது.

● மழைக்கும் இந்த வெள்ளத்துக்கும் நடுவே பல வாரங்கள் இருக்கும். டிசம்பரில் பெய்த மழை பிப்ரவரியில் வீட்டுக்குள் வரும். மழை நின்று, வெயில் அடித்து, செய்திச் சேனல்கள் வேறு ஊருக்குப் போன பிறகுதான் இந்தக் கிராமங்களின் தவிப்பு தொடங்குகிறது. உதவி கேட்டுக் குரல் கொடுக்கும்போது மற்றவர்கள் வெள்ளத்தையே மறந்திருப்பார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

● வந்த தண்ணீர் சீக்கிரம் போகவும் செய்யாது. ஆற்று வெள்ளம் சில நாட்களில் வடியும். நிலத்தடி வெள்ளம் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நிற்கும். சேதத்தைப் பெரிதாக்குவது ஆழத்தைவிட இந்தக் கால நீளம்தான். இரண்டு நாள் நனைந்த சுவர் தேறிவிடும். இரண்டு மாதம் ஊறிய சுவர் தேறுவது கடினம்.

● அந்தத் தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். பாறை வடிகட்டி அனுப்பிய நீர் அது. கோடையானாலும் குளிரானாலும் ஏறத்தாழ 10, 11 டிகிரி செல்சியஸ். இந்த மாறாத வெப்பநிலையை நம்பித்தான் ஹாம்ப்ஷயரின் ஆல்ரெஸ்ஃபோர்டு பகுதியில் நீர்க்கீரை பயிரிடுகிறார்கள். ஆனால் தெளிவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அதற்கான காரணம் அடுத்த துணுக்கில்.

● நிலத்தடி வெள்ளத்தில் வீடு நனையாதவர்களையும் வதைப்பது கழிவறைதான். தெருவுக்கு அடியில் போகும் பாதாளச் சாக்கடைக் குழாய்களின் இணைப்புகளிலும் விரிசல்களிலும் நிலத்தடி நீர் புகுந்துவிடும். குழாய் முழுவதும் நிரம்பிவிட்டால் வீட்டுக் கழிவு போக இடமிருக்காது. மேன்ஹோல் மூடிகள் மேலே எழும்பும். கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்காது. குமிழியிட்டு மேலே வரும். வாரக்கணக்கில் டேங்கர் லாரிகள் வந்து சாக்கடையை உறிஞ்சி எடுத்துப் போகும் காட்சி இந்தக் கிராமங்களில் உண்டு. அண்டை வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் தெளிந்த நீரில் இந்தக் கழிவும் கலந்திருக்கலாம். குழந்தைகளை அதில் இறங்கி விளையாட விடக் கூடாது.

நிரந்தரத் தீர்வு, பழைய குழாய்களுக்கு உள்ளே பிசின் பூசிய உறையைச் செலுத்தி, இறுகவைத்து, விரிசல்களை அடைப்பது. தெருக்குழாயை மட்டும் அடைத்தால் போதாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தெருவுக்கு வரும் கிளைக்குழாயும் கசியும்.

● வீட்டளவில் செய்யக்கூடியது: கழிவுக்குழாயில் ஒருவழி வால்வு பொருத்துவது. அவசரத்துக்குக் கழிவறைக் கோப்பைக்குள் வைத்துக் காற்றடித்து உப்பவைக்கும் அடைப்பான்களும் கிடைக்கின்றன.

● மணல் மூட்டை இந்த வெள்ளத்துக்குப் பெரிய உதவி செய்யாது. வாசலில் பொருத்தும் தடுப்புப் பலகைக்கும் அதே நிலைதான். தண்ணீர் வருவது தரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மூட்டில், குழாயும் மின்கம்பியும் உள்ளே நுழையும் துளைகளில், பழைய கணப்படுப்பின் அடியில். தெருவில் ஓடும் நீரைத் தடுக்க மட்டும் பலகை பயன்படும். இரண்டும் சேர்ந்து வரும் வீடுகள் உண்டு என்பதால் பலகையே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது.

● நிலவறைத் தரைக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு பலமாகத் தள்ளும்? தரையைவிட 1 மீட்டர் உயரத்துக்கு வெளியே நீர்மட்டம் இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் அது சுமார் 1 டன் விசையோடு மேலே தூக்கும். 15 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோதான். சுவர்களோடு பிணைப்பு இல்லாத சாதாரணத் தளம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

● இதனால்தான் ‘எப்படியாவது தண்ணீரை வெளியே நிறுத்திவிடு’ என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது. சாதாரணச் செங்கல் வீட்டின் சுவர்களுக்கு வெளியே சுமார் 60 செ.மீ. உயரத்துக்கு மேல் நீர் நின்றால், அதைத் தடுத்து நிறுத்த முயல வேண்டாம், உள்ளே வர விடுங்கள் என்பதே பிரிட்டனில் பொறியாளர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை. தண்ணீர் உள்ளே வந்தால் தரைவிரிப்பு போகும். வராமல் தடுத்தால் சுவரே போகலாம்.

● நிலவறையில் நிற்கும் தண்ணீரை ஒரே மூச்சில் இறைத்துவிடக் கூடாது. உள்ளே காலி, வெளியே நிறைவு என்றானதும் சுவர் உட்பக்கமாகச் சரியும். அமெரிக்காவில் பேரிடர் நிர்வாகத்தினர் சொல்வது: முதலில் ஓர் அடி மட்டும் இறைத்து, உள்ளே நீர் நிற்கும் மட்டத்தை அடையாளமிட்டு, ஓர் இரவு காத்திருந்து, நீர் மறுபடி ஏறவில்லை என்று பார்த்த பிறகே மேற்கொண்டு இறைக்க வேண்டும்.

● அப்படியானால் என்னதான் வழி? நீரைத் தடுக்காமல், வரும் நீரை ஓரிடத்தில் சேர்த்து வெளியேற்றுவது. நிலவறையின் அல்லது தரையின் மிகத் தாழ்ந்த மூலையில் ஒரு குழி தோண்டுவார்கள். துளையிட்ட பிளாஸ்டிக் தொட்டியை அதில் இறக்கி, சுற்றிலும் சரளைக்கல் போடுவார்கள். தொட்டிக்குள் ஒரு சப்மெர்சிபிள் மோட்டார், கூடவே ஃப்ளோட் சுவிட்ச். நீர் ஏறினால் மிதவை எழும்பும், மோட்டார் தானே ஓடும்; நீர் இறங்கினால் நிற்கும். சுவரோரமாக ஒரு சிறிய வாய்க்கால் வெட்டிவிட்டால் கசிவு எல்லாம் குழிக்கு வந்து சேரும். மரப்பலகைத் தரையுள்ள பழைய வீடுகளில் பலகைக்கு அடியிலுள்ள வெற்றிடத்திலேயே இந்தக் குழியை வைத்துவிடலாம். கூடத்தில் இருப்பவர்களுக்கு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மோட்டார் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். வாரக்கணக்கில் இடைவிடாமல் ஓடினால் ஒன்று நிச்சயம் மக்கர் செய்யும். புயலில் மின்சாரம் போகும், ஆகவே பேட்டரியோ ஜெனரேட்டரோ இருக்க வேண்டும். இறைத்த நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் விட்டால் அதே நீர் மறுபடியும் குழிக்கே வரும். கழிவுச் சாக்கடையில் விட்டால் ஊரார் கழிவறைகள் நிரம்பும். பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் ஓடைக்கோ மழைநீர் வடிகாலுக்கோ கொண்டுபோய் விடுவதே சரி.

● இறைக்கும் நீர் கலங்கலாக வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அஸ்திவாரத்தின் அடியிலுள்ள நுண்மண்ணையும் சேர்த்து இழுக்கிறது என்று பொருள்.

● காலி செப்டிக் டேங்க் மிதக்கும்! தரை முழுவதும் நீர் ஊறியிருக்கும் சமயத்தில் ஃபைபர் தொட்டியை லாரி வைத்துச் சுத்தமாக உறிஞ்சிவிட்டால், அது மண்ணைப் பிளந்துகொண்டு மேலே எழும்பிவிடும். நம் ஊரில் மழைக்காலத்தில் புதுச் சம்ப் கட்டினால் பாதியாவது நீர் விட்டு வையுங்கள் என்று கொத்தனார் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

● சமையல் எரிவாயுக் குழாய் வராத ஆங்கிலக் கிராமங்களில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிக்கிறார்கள். தோட்டத்து மூலையில் ஆயிரம் லிட்டர், இரண்டாயிரம் லிட்டர் தொட்டி நிற்கும். வெள்ளத்தில் அது மிதந்து, குழாய் பிய்ந்து, எண்ணெய் நீரில் பரவினால் சுவரில் ஏறிய நாற்றம் எளிதில் போகாது. பூச்சைப் பெயர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். தொட்டியைப் பட்டை போட்டுக் கான்கிரீட் மேடையோடு பிணைப்பதற்கு ஆகும் செலவு இதன் முன் மிகக் குறைவு. பள்ளத்தாக்கில் வீடு உள்ளவர் முதலில் எதைச் செய்வது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

● சொந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகள், வெள்ளம் வடிந்த பிறகு அந்த நீரைச் சோதித்துப் பார்க்காமல் வாயில் வைக்கக் கூடாது. பக்கத்துச் செப்டிக் டேங்கும் கிணறும் சில வாரங்கள் ஒரே நீரில் மூழ்கிக் கிடந்திருக்கின்றன.

● வீட்டுக்குள் தண்ணீர் வரத்தான் போகிறது என்று ஏற்றுக்கொண்டால் செய்யக்கூடியவை நிறைய. பிளக் பாயிண்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, கம்பிகளை உத்தரத்திலிருந்து கீழிறக்குவது. கொதிகலனைச் சுவரில் மாட்டுவது. மரத்தூள் பலகை அலமாரிக்குப் பதில் கால் வைத்த எஃகு அலமாரி. தரையில் கார்பெட்டுக்குப் பதில் ஓடு. ஜிப்சம் பலகைகளை நெடுக்காக நிறுத்தாமல் குறுக்காகப் படுக்கவைத்து அடிப்பது ஒரு நல்ல யுக்தி. நனைந்தால் கீழ்வரிசையை மட்டும் கழற்றி மாற்றினால் போதும், மேல்வரிசை அப்படியே இருக்கும்.

● வில்ட்ஷயர், டார்செட் பகுதிகளில் சாக் கட்டியையும் வைக்கோலையும் பிசைந்து எழுப்பிய பழைய மண்சுவர் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் அடிப்பகுதி ஊறிவிட்டால் சுவர் தன் எடையைத் தானே தாங்காமல் குழைந்து உட்கார்ந்துவிடும். சிமெண்ட் பூசினால் பலமாகிவிடும் என்று நினைத்துப் பலர் பூசியிருக்கிறார்கள். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பூச்சுக்குப் பின்னாலேயே சுவர் கெடும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். நம் பாட்டன் காலத்து வீடுகள் சுண்ணாம்பை நம்பி நின்றதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

● 1841 ஜனவரியில் சாலிஸ்பரி சமவெளியில் வந்த வெள்ளம் வேறு மாதிரி. தரை உறைந்திருந்தது, மேலே பனி கிடந்தது. திடீரென உருகிய நீர் பாறைக்குள் இறங்க முடியாமல் டில் பள்ளத்தாக்கின் வழியே பாய்ந்து ஷ்ரூட்டன், டில்ஸ்ஹெட் முதலிய கிராமங்களின் மண்வீடுகளைக் கரைத்தது. பொதுமக்கள் நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 1842-ல் சில வீடுகள் கட்டி, அவற்றின் வாடகையில் ஏழைகளுக்கு விறகும் துணியும் வழங்க ஏற்பாடு செய்தார்கள். ‘வெள்ள வீடுகள்’ என்ற பெயரோடு, கல்வெட்டுப் பலகையோடு, அவற்றுள் சில இன்றும் நிற்கின்றன. நிவாரணப் பணத்தை ஒரே தடவையில் பங்கிட்டு முடித்துவிடாமல், ஆண்டுதோறும் பலன் தரும் சொத்தாக மாற்றிய அந்தக் கிராமத்தாரின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

● யார்க்‌ஷயரில் ஜிப்சி ரேஸ் என்றோர் ஓடை. சில ஆண்டுகள் வற்றிக் கிடக்கும். திடீரென ஒரு குளிர்காலத்தில் பெருகும். அது பெருகினால் நாட்டுக்குக் கேடு என்று மக்கள் நம்பினார்கள். 1665-இன் கொள்ளைநோய்க்கு முன்னும் அது ஓடியதாகச் சொல்வார்கள். 2012-13 குளிர்காலத்தில் அதன் கரையிலுள்ள பர்ட்டன் ஃப்ளெமிங் கிராமத்துத் தெருவில் நீர் நின்றது.

● தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் லண்டன் குரோய்டன் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. அதன் தென்கோடியில் கென்லி, பர்லி வழியாகக் கேட்டர்ஹாம் போர்ன் என்ற ஓடை செல்கிறது. பல ஆண்டுகள் அது இருப்பதே தெரியாது. 2014 பிப்ரவரியில் பெருகி, கென்லியிலுள்ள குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையே மிரட்டியது. நிலையத்தைக் காப்பாற்றப் பர்லியில் சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதைக்குள் வெள்ளத்தை வேண்டுமென்றே திருப்பிவிட்டார்கள்.

● பிரான்ஸின் சோம் பள்ளத்தாக்கும் சாக் பாறைதான். 2001 வசந்தத்தில் அபேவில் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாரக்கணக்கில் நீர் வடியவில்லை. பாரிஸைக் காப்பாற்றத் தங்கள் பக்கம் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. பிரதமர் லியோனல் ஜோஸ்பேன் நேரில் வந்தபோது அவர் முகத்துக்கு நேரே மக்கள் அதைக் கேட்டார்கள். மழை இல்லாத நாளில் நீர் ஏறுவதைப் பார்த்த ஒருவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முன்பே ஊரில் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

● அயர்லாந்தின் மேற்கே, கால்வே மாவட்டத்தின் தென்பகுதியில், சுண்ணாம்புக்கல் நிலத்தில் ‘டர்லாக்’ எனப்படும் மாயக் குளங்கள் உண்டு. உள்ளே வரும் ஆறோ வெளியே போகும் ஆறோ கண்ணுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் தரையிலுள்ள பிலங்கள் வழியே நீர் மேலே வந்து நிறையும். கோடையில் அதே வழியில் இறங்கிவிடும், மாடுகள் அங்கே மேயும். 2009 நவம்பரிலும் 2015-16 குளிர்காலத்திலும் அவை வழக்கமான எல்லையைத் தாண்டிச் சாலைகளையும் வீடுகளையும் சூழ்ந்தன. 2015-16 வெள்ளத்தில் வீடு மூழ்கியவர்களில், காக்கவே வழியில்லாத வீடுகளில் இருந்தவர்கள் வேறிடம் போக உதவும் திட்டம் ஒன்றை அயர்லாந்து அரசு 2017-ல் கொண்டுவந்தது. பிறந்த வீட்டைவிட்டுப் போவது எளிதல்ல. ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு பயந்துகொண்டே இருக்கச் சொல்வதைவிட இது நேர்மையானது.

● கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் குடும்பத்தோடு தங்கிய தூர் பாலிலீ கோபுரம் அதே பகுதியில் இருக்கிறது. அதன் அருகே ஓடும் ஆறு சிறிது தூரத்தில் பூமிக்குள் மறைந்துவிடுகிறது. 2009 வெள்ளத்தில் சேதமடைந்த கோபுரம், 2015-ல் அவருடைய 150-ஆவது பிறந்த ஆண்டையொட்டி மறுபடி திறந்தது. அந்தக் குளிர்காலமே மீண்டும் உள்ளே தண்ணீர்.

● இங்கிலாந்தில் இந்த வெள்ளத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நெடுங்காலம் பதிலே இல்லை. 2007 வெள்ளத்தை ஆராய்ந்த பிட் அறிக்கைக்குப் பிறகு, 2010-ல் வந்த வெள்ளம் மற்றும் நீர் மேலாண்மைச் சட்டம்தான் உள்ளூர் நிலத்தடி வெள்ள ஆபத்தைக் கவனிக்கும் கடமையைக் கவுண்டி கவுன்சில்களுக்கும் அவற்றுக்கு இணையான உள்ளாட்சிகளுக்கும் தந்தது. அந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, தேவையெனக் கருதும் வெள்ளத்தைக் கவுன்சில் விசாரித்து அறிக்கை வெளியிட வேண்டும். உங்கள் கிராமத்துக்கு அப்படி ஓர் அறிக்கை இருந்தால் தேடிப் படியுங்கள். எந்தக் குழாய் சிறியது, எந்த மதகு அடைத்திருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

● வீட்டையொட்டி ஓடை போனால், அது பத்தாண்டுகள் வற்றியே கிடந்தாலும், அதைத் தூர்ந்துபோகாமல் வைத்திருப்பது அந்த நிலத்துக்காரரின் பொறுப்பு. நிறையப் பேர் வறண்ட ஓடையை மூடி, கார் போகச் சிறு குழாய் ஒன்றைப் பதித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய 1991-ஆம் ஆண்டின் நில வடிகால் சட்டப்படி அனுமதி வேண்டும். குறுகலான ஒரு குழாய் போதும், மேல்பக்கத்து வீடுகள் அத்தனையும் நனைய.

● தண்ணீர் நிற்கும் தெருவில் கார் வேகமாகப் போனால் கிளம்பும் அலை வாசற்படியைத் தாண்டிவிடும். ‘சாலை மூடப்பட்டது’ என்ற பலகையை மதிக்காத ஓட்டுநர், தான் அறியாத ஒரு வீட்டின் கூடத்தை நனைத்துவிட்டுப் போகிறார்.

● இந்த வெள்ளம் மெதுவாக வருவதில் ஒரு பெரிய நன்மை உண்டு: முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தைச் சுற்றுச்சூழல் முகமை தொடர்ந்து அளந்து, எல்லை தாண்டினால் நிலத்தடி வெள்ள எச்சரிக்கை அனுப்புகிறது. பல கிராமங்களில் தன்னார்வ வெள்ளக் காவலர்களும் இருக்கிறார்கள். கிணறு அளக்கும் கருவி எளிமையானது: மீட்டர் குறியிட்ட நீண்ட நாடா, முனையில் ஓர் உணரி, மேலே சுருளில் பேட்டரி. நாடாவைத் துளைக்குள் மெல்ல இறக்கினால், உணரி நீரைத் தொட்ட கணத்தில் சுருள் ‘பீப்’ என்று ஒலிக்கும். நாடாவில் அந்த இடத்து எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். முன்பின் பழகாதவரும் செய்யலாம்.

அந்த எண்ணைப் பயனுள்ளதாக்குவது வீட்டுக்காரர் வைக்கும் ஒரு குறிப்பேடு. நிலவறையில் முதல் ஈரம் தெரிந்த நாள், தோட்டத்தில் ஊற்று கிளம்பிய நாள், கழிவறை சுணங்கத் தொடங்கிய நாள்: ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைக்குக் கண்காணிப்புக் கிணற்றில் நீர்மட்டம் என்ன என்று எழுதிவைத்தால், அடுத்த குளிர்காலத்தில் அந்த வீட்டுக்கென்றே ஓர் எச்சரிக்கை அளவு கிடைத்துவிடும். கிணறு அந்த அளவுக்கு இரண்டு மீட்டர் கீழே இருக்கும்போதே மோட்டாரைச் சோதித்து, தரைவிரிப்பைச் சுருட்டி, பத்திரங்களை மாடிக்கு ஏற்றிவிடலாம். இவ்வளவு அவகாசம் தரும் வெள்ளம் வேறு இல்லை. அந்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காகவே இத்தனையும் எழுதுகிறேன்.

● அக்டோபர் முதல் மார்ச் வரைதான் நீர்மட்டம் ஏறும் காலம். கோடை மழையைப் பெரும்பாலும் செடியும் வெயிலும் எடுத்துக்கொள்ளும். மோட்டார், ஃப்ளோட் சுவிட்ச், பேட்டரி எல்லாவற்றையும் செப்டம்பரில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

● தண்ணீர் வடிந்ததும் வீட்டைப் பலத்த சூட்டில் வேகமாகக் காயவைக்கத் தோன்றும். பூச்சு வெடிக்கும், மரம் முறுக்கிக்கொள்ளும். மிதமான சூடு, நல்ல காற்றோட்டம், ஈரம் உறிஞ்சும் இயந்திரம், நிறையப் பொறுமை. சுவரின் காற்றுத்துளைகளை மூடி வைத்திருந்தால் முதலில் அவற்றைத் திறந்துவிடுங்கள். நீர்மட்டம் தரைக்குக் கீழே நன்றாக இறங்காத வரை எவ்வளவு உலர்த்தினாலும் ஈரம் திரும்ப வரும்.

● காப்பீட்டுப் பாலிசியை வரி வரியாகப் படியுங்கள். ‘வெள்ளம்’ என்று இருந்தாலும், நிலத்தடி நீர்மட்டம் மெல்ல ஏறுவதால் வரும் சேதத்துக்குப் பணம் இல்லை என்று சில பாலிசிகளில் தனியாக ஒரு வரி இருக்கும். வெள்ள ஆபத்துள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைக்க, 2016 ஏப்ரலில் ‘ஃப்ளட் ரீ’ என்ற ஏற்பாடு பிரிட்டனில் தொடங்கியது. 2009 ஜனவரி 1-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. 2022 முதல், இதில் சேர்ந்துள்ள சில காப்பீட்டு நிறுவனங்கள் சேதத்தைச் சரிசெய்வதோடு, அடுத்த வெள்ளத்தைத் தாங்கும்படி வீட்டை மாற்றி அமைக்க 10,000 பவுண்டு வரை கூடுதலாகத் தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

● பள்ளத்தாக்கில் வீடு வாங்கப் போகிறவர்கள் முடிந்தால் பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். நிலவறை மூலையில் குழியும் மோட்டாரும் இருக்கிறதா, பிளக் பாயிண்டுகள் வழக்கத்துக்கு மாறாக உயரத்தில் இருக்கின்றனவா, சுவரின் அடியில் மட்டும் புதுப்பூச்சா என்று கவனியுங்கள். அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் 2001-லும் 2014-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரியுங்கள். இங்கிலாந்தில் வீடு விற்பவர் நிரப்பித் தரும் டி.ஏ.6 என்ற படிவத்தில் வெள்ளம் பற்றிய கேள்வி உண்டு. வந்தது ஆற்று வெள்ளமா, சாக்கடை வெள்ளமா, நிலத்தடி வெள்ளமா என்று அதில் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை உங்கள் வக்கீலோடு உட்கார்ந்து படித்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.